இரண்டு படிக் கொள்ளு

மலையடிவாரத்துக் கோட்டை ஒன்றில் சேகு ராவுத்தர் என்னும் குதிரை வீரர் இருந்தார். அறுபதைத் தொட்டவர், எவருக்கும் தலைவணங்கிப் பழகாதவர். அத்தகையவர் தம் மகள் வயதுடைய ஒரு பெண் துறவியிடம் சீடராகச் சேர்ந்தார் என்றால், அதற்கு ஒரு கிழட்டுக் குதிரையே காரணம்.

அந்தக் குதிரையின் பெயர் சந்தனம். வயது இருபத்தாறு. ஐந்து போர்களில் ராவுத்தரை ஏற்றிச் சென்று, ஐந்து முறையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவள்.

அக்கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆனி முதல் நாளன்று குதிரைகள் அனைத்தையும் படைத்தலைவரான தளவாயின் முன் நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு படி உலர்ந்த கொள்ளைக் கொட்டுவார்கள். முரசு ஓய்வதற்குள் தின்று முடித்த குதிரை லாயத்துக்குத் திரும்பும். முடிக்காத குதிரையை மலைக்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். அங்கே சிறுத்தைகள் இருந்தன.

ஆனி பிறக்க இரண்டு மாதம் இருக்கையில், சந்தனத்தின் விலா எலும்புகள் வெளியே தெரியலாயின. ராவுத்தர் கொள்ளை மூன்று படியாக்கினார். நெய்யும் வெல்லமும் சேர்த்தார். அவள் மேலும் மெலிந்தாள். கோட்டை வாயிலுக்கு வெளியே பாழ்மண்டபத்தில் தங்கியிருந்த ஆவுடைத்தாய் என்னும் துறவி, கால்நடைகளின் வயிற்று நோய் அறிந்தவர் என்று கேள்விப்பட்டு, ராவுத்தர் கடைசியில் அவரை அழைத்துவந்தார்.

“தாயே, நான் இவளுக்கு என்ன குறை வைத்தேன்?”

ஆவுடைத்தாய் குதிரையைப் பார்க்கவில்லை. லாயத்தின் பின்புறம் சென்று, ராவுத்தர் அன்றாடம் கொட்டிய லத்திக் குவியலின் முன் நின்றார். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குவியல் முழுவதும் கொள்ளு முளைத்து, நான்கு விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது.

“ஒரு குறையும் வைக்கவில்லை, ராவுத்தரே. இதோ, இந்தக் குவியலார்தான் உண்டிருக்கிறார். நன்றாகத் தேறியிருக்கிறார்.”

பிறகு சந்தனத்தின் நாக்கை ஒருபுறம் ஒதுக்கிப் பிடித்து, ராவுத்தரின் கையை அவள் வாய்க்குள் வைக்கச் செய்தார். முன்பல்லைப் பார்த்தே எந்தக் குதிரைக்கும் வயது சொல்லக்கூடியவர் ராவுத்தர். கடைவாயைத் தொட்டது அன்றுதான். அரைக்கும் பற்கள் கூழாங்கற்களைப் போல் வழுவழுத்திருந்தன. தரையில் கிடந்த வைக்கோல் உருண்டைகளை அவர் அதுவரை குதிரையின் கொழுப்பு என்றே எண்ணியிருந்தார். அவை மெல்ல முடியாமல் துப்பியவை.

அன்றே அவர் ஆவுடைத்தாயின் சீடரானார். வாளேந்திய கை உலக்கை பிடித்தது. கொள்ளை இரவு முழுதும் ஊறவைத்து, குழைய வேகவைத்து, இடித்துத் தவிட்டோடு கரைத்தார். இளம்புல்லை விரற்கடை நீளத்துக்கு நறுக்கினார். குடிக்க வெதுவெதுப்பான நீர் வைத்தார். இரண்டு வேளைத் தீனி ஐந்து வேளையாயிற்று. அதையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது, பழையதைச் சிறிது குறைத்துப் புதியதைச் சிறிது கூட்டி, பத்து நாளில்தான் மாற்ற வேண்டும் என்று ஆவுடைத்தாய் கட்டளையிட்டிருந்தார். ராவுத்தர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

மூன்றாம் வாரம் சந்தனத்துக்குப் பசி திரும்பியது. அவரைக் கண்டதும் கனைத்தாள். அவர் மனம் இளகி, ஐந்து வேளைக் கூழையும் காலையிலேயே வைத்துவிட்டார். நண்பகலில் அவள் தரையைக் கால்களால் பறித்தாள். தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வியர்த்துக் கீழே சாய்ந்தாள்.

ஆவுடைத்தாய் வந்து, எஞ்சிய தீனியை எடுத்துவிட்டு, ராவுத்தரின் காதை அவள் விலாவில் வைக்கச் சொன்னார். உள்ளே ஓசையே இல்லை. எழுப்பி மெல்ல நடத்தினார்கள்.

“ஆசையாகத்தான் கொடுத்தேன், தாயே.”

“வயிற்றுக்கு அது தெரியாது.”

வெயில் சாயும்போது விலாவுக்குள் கடகடவென்று ஓர் உருட்டல் கேட்டது. சிறிது நேரத்தில் லத்தி விழுந்தது. வெற்றி முரசு கேட்டுக்கூடக் கலங்காத ராவுத்தரின் கண்கள் அந்த ஓசைக்குக் கலங்கின. அதன்பின் அவர் அளவு மீறவில்லை.

ஆனி முதல் நாள் வந்தது. சந்தனத்தின் விலாவில் சதை பிடித்திருந்தது. தோலில் மினுமினுப்பு ஏறியிருந்தது. கூழ்ச்சட்டியைத் தலையில் சுமந்து ராவுத்தர் முன்னே வர, ஆவுடைத்தாய் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தார். வீரர்கள் சிரித்தார்கள். குழந்தைக்குக் காதுகுத்து என்றைக்கு என்று ஒருவன் கேட்டான். தாய்மாமன் நீதான், சீரோடு வந்து சேர் என்றார் ராவுத்தர்.

முரசு ஒலித்தது. சந்தனம் உலர்ந்த கொள்ளை முகர்ந்தாள். சிறிது வாயில் எடுத்து உதிர்த்தாள். ராவுத்தர் சட்டியை இறக்கி அவள் முன் வைத்தார். அவள் நிதானமாகக் குடிக்கத் தொடங்கினாள். அதே இரண்டு படிதான், வேகவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ராவுத்தர் உரக்கச் சொன்னார்.

தளவாய் குமாரசிங்கர் கையை உயர்த்தினார், முரசு நின்றது. மடியிலிருந்த இரும்புச் சிற்றுரலில் வெற்றிலைபாக்கை இடித்தபடியே, விதி உலர்ந்த கொள்ளுக்குத்தான், கூழுக்கு அன்று என்றார்.

ஆவுடைத்தாய் அருகே சென்று அந்த உரலைக் கேட்டார்.

“இது எதற்கு உனக்கு?”

“எனக்கன்று. வெற்றிலையை இடிக்காமல் போட்டுக்கொள்வதுதானே தளவாய்க்கு அழகு?”

“பல் இல்லாதவன் எப்படியம்மா மெல்வது?” என்று சொல்லிவிட்ட பிறகுதான், தாம் சொன்னது தளவாயின் காதிலேயே விழுந்தது.

வீரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தளவாயின் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் பெரிய மனிதர், கோபத்தை விழுங்கினார்.

“எனக்குப் பல் போயிற்று, வேலை போகவில்லை. இந்தக் குதிரை இனி என்ன வேலை செய்யும்? ஒன்று சொல்லுங்கள், போதும். லாயத்தில் இருக்கட்டும்.”

ராவுத்தரின் நெஞ்சு துள்ளியது. குட்டிகளைப் பழக்குவாள் என்று சொல்ல வாயெடுத்தார். சந்தனம் தன் பக்கத்தில் எந்தக் குட்டியையும் அண்டவிடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆவுடைத்தாய் அவர் தோளில் கை வைத்தார்.

“ஒரு வேலையும் செய்யமாட்டாள்” என்றார் தளவாயிடம். “சாப்பிடுவாள்.”

“அப்படியானால் காட்டில் சாப்பிடட்டும்.”

வீரர்கள் இருவர் கோலோடு சந்தனத்தை நெருங்கினார்கள். ராவுத்தர் இடைவாளை உருவினார். கூட்டம் பின்வாங்கியது. அவர் அதைத் தளவாயின் காலடியில் கிடத்தினார். படைத் தலைப்பாகையையும் அவிழ்த்து அதன்மேல் வைத்தார்.

“முப்பத்தெட்டு ஆண்டுச் சேவகத்துக்கு நான் எதுவும் கேட்டதில்லை. இன்று இவளை எடுத்துக்கொள்கிறேன். தடுக்கிறவன் முன்னே வரட்டும்.”

எவரும் வரவில்லை. தளவாய் உரலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் குடித்து முடிக்கும்வரை ராவுத்தர் அவசரமின்றி நின்று, பிறகு வெறுந்தலையோடு அவளைக் கோட்டை வாயிலைக் கடத்திக் கூட்டிவந்தார்.

மண்டபத்தின் தூணில் அவளைக் கட்டினார். இனி லாயம் இல்லை; கொள்ளு இல்லை; அவருக்கே மறுவேளைச் சோறு எங்கே என்று தெரியாது.

“ஒரே ஒரு பொய், தாயே. சொல்லியிருந்தால் அவள் அங்கேயே இருந்திருப்பாள். ஏன் தடுத்தீர்கள்?”

ஆவுடைத்தாய் புல் நறுக்க உட்கார்ந்திருந்தார். அரிவாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்வது நீங்கள். நாளை அந்த வேலையைச் சுமப்பது அவளல்லவா, ராவுத்தரே?”