ஏறுது, இறங்குது

எல்லாக் காட்டிலும் மரம் உண்டு, குழந்தைகளே. இந்தக் காட்டில் சந்தையும் உண்டு. ஓடைக்கரையில் காட்டுப்பன்றி நிலக்கடலையைக் குவித்துவைத்து உட்காரும். முந்திரிக்கொட்டை கொண்டுபோனால் மாற்றாகக் கடலை தரும். காலையில் ஒரு முந்திரிக்கு மூன்று கடலை என்றால், மாலையில் இரண்டு என்று சொல்லும். விலை நின்ற இடத்தில் நிற்காது.

கொறிமுத்து என்ற அணில் கோடை முழுவதும் முந்திரிக்கொட்டை சேர்த்துத் தன் மரப்பொந்தை நிரப்பி வைத்திருந்தது. ஆனால் முந்திரிக்கொட்டையின் தோல் பட்டால் குட்டிகளின் வாய் புண்ணாகிவிடும். மழைக்கு முன் அத்தனையையும் கடலையாக மாற்றியாக வேண்டும். ஒன்றுக்கு ஐந்து கிடைத்தால் மழைக்காலம் முழுவதும் வயிறு நிறையும். இரண்டுதான் என்றால் பாதி மழையிலேயே பட்டினி.

சந்தை தொலைவில் இருந்தது. அதனால் கொறிமுத்து மைனாக்களைக் கூப்பிட்டது. சந்தையிலிருந்து பொந்துவரை மரத்துக்கு ஒரு மைனா உட்கார்ந்து, விலை மாறினால் ஒன்று கேட்டு ஒன்று கூவ வேண்டும் என்று ஏற்பாடு.

“கூலி?” என்று கேட்டது மைனாக்களின் தலைவி சொக்கி.

“கூவலுக்கு ஒரு களாப்பழம்.”

“எந்த விலைக்குக் கூவணும்?”

“எல்லாத்துக்கும்! முந்திரி, புளி, நெல்லி, தேன்...”

பொந்துக்குள்ளிருந்து அதன் மனைவி மருக்கொழுந்து தலையை நீட்டியது. “நமக்குத் தேன் விலை எதுக்குங்க? நாம என்ன கரடியா?”

“தெரிஞ்சு வெச்சுக்கிட்டா தப்பா?”

“முந்திரி அஞ்சுக்கு வந்தா மட்டும் கூவச் சொல்லுங்க. போதும்.”

“உனக்கு வியாபாரம் தெரியாது, பேசாம இரு” என்றது கொறிமுத்து.

கூவலுக்குப் பழம் என்றால் மைனா சும்மா இருக்குமா? நெல்லி அரைக்கால் அசைந்தாலும் கூவியது. பன்றி கொட்டாவி விட்டாலும் விலை மாறியதோ என்று கூவியது. முதலில் “முந்திரி ஏறுது”, “தேன் இறங்குது” என்று முழுதாகத்தான் கூவின. தொண்டை கட்டியதும் பெயரை விட்டுவிட்டன. “ஏறுது! இறங்குது! ஏறுது!” அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கொறிமுத்து ஒவ்வொரு கூவலுக்கும் சந்தைக்கு ஓடியது. போய்ப் பார்த்தால் ஏறியது புளியாக இருக்கும். கால் வீங்கிய பிறகு ஓடுவதை நிறுத்தியது. கண்ணை மூடிப் படுத்தபடி தலையை மட்டும் ஆட்டக் கற்றுக்கொண்டது.

ஒரு மத்தியானம் சாரைப்பாம்பு ஒன்று கொறிமுத்துவின் மரத்தில் ஏறத் தொடங்கியது. எதிர் மரத்து மைனா பதறியது. ஆனால் பழக்கதோஷம், வாயில் வேறு சொல் வரவில்லை.

“ஏறுது! ஏறுது!”

“ஏறட்டும்” என்றது கொறிமுத்து, கண்ணைத் திறக்காமல்.

“வேகமா ஏறுது!”

“நல்லது.”

“ஐயோ, பாதிக்கு மேல ஏறிடுச்சு!”

“பதறாதே. பாதியில வித்தவன் உருப்பட்டதில்லை.”

“உச்சிக்கே வந்துடுச்சு!”

“இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பார்ப்போம்.”

கொறிமுத்துவின் மீசையில் ஏதோ உரசியது. பாம்பின் நாக்கு. மருக்கொழுந்து ஒரே உதையில் குட்டிகளை அடுத்த மரத்துக்குத் தள்ளிவிட்டுத் தானும் பாய்ந்தது. கொறிமுத்து எப்படிப் பாய்ந்தது என்று அதற்கே தெரியாது.

பாம்பு பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. “என்ன, ஓடிட்டீங்க? ‘ஏறட்டும், ஏறட்டும்’னு உள்ளே இருந்து கூப்பிட்டது யாரு? மரியாதை தெரிஞ்ச வீடுன்னு நினைச்சேனே!”

சொல்லிவிட்டு முந்திரிக் குவியலின்மேல் சுருண்டு படுத்தது.

கொறிமுத்து சொக்கியிடம் பாய்ந்தது. “பாம்புன்னு சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?”

“ஏறுதுன்னு சொன்னோமே, அண்ணே.”

“எது ஏறுதுன்னு சொன்னீங்களா?”

“நீங்க எதுன்னு கேட்டீங்களா? ஆமா, பாம்புக்குக் கூவினது மொத்தம் நாலு கூவல். பழம் எப்போ தருவீங்க?”

பாம்பு அங்கேயே தங்கிவிட்டது. அந்த நாட்களில்தான் முந்திரி ஐந்துக்குப் போனது. மைனாக்கள் உயிரைக் கொடுத்துக் கூவின. கொறிமுத்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, பாம்பின் வயிற்றுக்கு அடியில் கிடந்த தன் சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பசி தாங்காமல் பாம்பு இரை தேடிப் போய், குடும்பம் பொந்துக்குத் திரும்பியபோது விலை இரண்டு.

இப்போது மருக்கொழுந்து பேசியது. எல்லா மைனாவும் வேண்டாம், சந்தையும் பொந்தும் தெரியும் உயரமான இலுப்பை மரத்தில் சொக்கி மட்டும் போதும். கூவலுக்குப் பழம் இல்லை, நாளுக்குப் பழம். முந்திரி ஐந்தைத் தொட்டால் கூவலாம். பாம்பு வந்தால் கூவலாம். எதுவானாலும் பெயர் முதலில்.

காடு அமைதியானது. கொறிமுத்துவால் அதைத் தாங்க முடியவில்லை. இலுப்பை மரத்தில் ஏறிப்போய்க் கேட்டது. “ஏன் சத்தத்தையே காணோம்? உயிரோட இருக்கியா?”

“சொல்ல ஒண்ணும் இல்லை, அண்ணே.”

“அதையாவது கூவிச் சொல்லேன்!”

“கூவினா நீங்க எந்திரிப்பீங்க. எந்திரிச்சு என்ன செய்வீங்க?”

கொறிமுத்து யோசித்துப் பார்த்தது. பிறகு இறங்கிப் போனது.

மேகம் கறுத்த ஒரு நாளில் கூவல் வந்தது. “முந்திரி அஞ்சு!”

ஒரே ஒரு தடவைதான். குடும்பமே எழுந்தது. ஆளுக்கொரு சுமையாக முந்திரியை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடியது. பன்றி கடலையை அளக்கத் தயாரானது.

கொறிமுத்து தொண்டையைச் செருமியது. “நாளைக்கு ஆறு ஆகுமோ?”

மருக்கொழுந்து திரும்பிப் பார்த்தது. கொறிமுத்து சுமையை இறக்கியது.

நீதி: எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய சேதிக்கு மட்டும் ஆளை எழுப்பு. எழுப்பும்போது எதற்கு என்றும் சொல்.