உயிரோடு நடுகல் ஏறிய ராஜா

கேளுங்கள் மக்களே. தூங்குகிறவர்கள் எழுந்தபின் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில் முள்ளிக்கோட்டையை மல்லவர்மன் என்ற ராஜா ஆண்டான். மீசை பெரிது, மற்றதெல்லாம் சுமார்தான்.

ஒருமுறை பகைவர் கோட்டையை வளைத்தார்கள். காவலன் எயினன் வாசலை விடாமல் நின்று போரிட்டு, அங்கேயே உயிரை விட்டான். அவன் மனைவி மாசாத்தி அரண்மனைச் சமையற்காரி. அவளும் மற்றப் பெண்களும் வீரர்களுக்குக் கூழ் காய்ச்சினார்கள்; மதிலேறிய பகைவர் தலையிலும் அதையே கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். ராஜாவோ நெற்குதிருக்குள் ஒளிந்திருந்தான். பகை ஓடியதும் மீசையில் உமியோடு வெளியே வந்து, "ஜெயித்துவிட்டேன்!" என்றான்.

வெற்றிக்கு நடுகல் நட்டார்கள். கல்லில் யார் உருவம்? ராஜாதான், கையில் வாளோடு.

மாசாத்திக்கு வயிறு எரிந்தது. நடுகல்லில் பெயர் இருந்தால்தான் ஆண்டுதோறும் படையல் உண்டு. இல்லாதவனை ஊர் மறந்துவிடும்.

"மகாராஜா, எங்க வீட்டுக்காரர் பேரையும் ஒரு ஓரமா வெட்டச் சொல்லுங்க," என்று கும்பிட்டாள்.

"என் மீசைக்கே கல் போதவில்லை, போ!" என்றான் ராஜா.

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு ராணியிடம் போனாள், மந்திரியிடம் போனாள். "நடுகல் செத்தவங்களுக்குத்தானே? ஊர் வழக்கத்தை மீறலாமா?" என்று கேட்டாள். இருவருக்கும் குதிர் விஷயம் தெரியும். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ராஜா சோறு கேட்டான். "செத்தவங்களுக்கு ஏது சோறு? படையலன்னைக்கு வாங்க," என்றாள் மாசாத்தி.

அந்தப்புரத்துக்கு ஓடினான். ராணி பூவை எடுத்துவிட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்; நடுநடுவே மோரும் குடித்துக்கொண்டாள். "போன மகராசனோட ஆவி வந்திருக்கு, விரட்டுங்கடி!" என்றாள்.

சபைக்கு ஓடினான். மந்திரி இளவரசன் தலைக்கு மகுடம் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "நடுகல் ஏறினவர் நாடாள வழக்கமில்லையே, சுவாமி!"

ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. பசி வேறு. சமையற்கட்டுக்கே திரும்பி வந்து, "அம்மா மாசாத்தி, நான் உயிரோடுதான் இருக்கிறேன்!" என்று கதறினான்.

"அப்ப கல்லுல இருக்க வேண்டியது யாரு?"

"எயினன்தான். கூழ் ஊற்றிய நீங்களும்தான்."

"சண்டையப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"குதிருக்குள் இல்லவே இல்லை!"

"குதிருன்னு இங்க யாரு சொன்னா?" என்றாள் மாசாத்தி. சமையற்கட்டே சிரித்தது.

சிற்பி முதலில் மீசையைச் செதுக்கி எறிந்தான். எயினன் முகம் வந்தது; பக்கத்தில் கூழ்ப்பானையோடு பெண்கள் வந்தார்கள். மாசாத்தி கணவன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் படையலைப் போட்டாள். ராஜாவுக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள், பாவம், பசித்தவன்.

ஆகையால், நாட்டைக் காத்தவர்களை மறந்து அவர்கள் புகழைத் தனதாக்கிக்கொள்கிறவன், உயிரோடு இருந்தாலும் செத்தவனே.