காயாம்பு கரைந்த கதை

அந்தக் காலத்தில், ஊசிமுனையில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய நுண்சங்கிலிகளுக்கும் பேச வாய் இருந்தது. அவர்களில் ஒருத்தி ஈரம்மா. தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். அவளோடு பிரிக்க முடியாத முடிச்சாய்ச் சேர்ந்திருந்தவன் புருஷன் காயாம்பு. சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிறந்த வம்சம். துளித் தண்ணீர் பட்டாலே அலறுவான். எவன் பொருத்தம் பார்த்தானோ தெரியவில்லை, அந்த இனத்தில் எல்லா ஜோடியும் இப்படித்தான்.

ஒருநாள் காட்டில் ஒரு யானை வயிற்றுக் கட்டியோடு சாகக் கிடந்தது. கட்டியைக் கரைக்கக் கசப்பி என்ற மருந்துத் துகளால் முடியும். ஆனால் யானையின் ரத்தம் முழுக்கத் தண்ணீர், கசப்பிக்கும் தண்ணீர் ஆகாது.

"என்னை எப்படியாச்சும் கொண்டுபோய்ச் சேருங்கக்கா. பொழுது சாய்ஞ்சா யானை இருக்காது" என்று ஈரம்மாவிடம் அழுதாள் கசப்பி.

ஈரம்மா புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கசப்பியையும் அவனையும் இழுத்துக்கொண்டு ரத்தத்தில் குதித்தாள். பின்னாலேயே நூறு ஜோடிகள் குதித்தன.

"அடிப்பாவி, கொன்னுட்டியே" என்று கத்தினான் காயாம்பு. புருஷன்மார் எல்லாரும் தண்ணீருக்குப் பயந்து நடுவில் போய் ஒண்டினார்கள். பெண்டாட்டிகள் சுற்றிலும் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் பிடித்து வைக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஓர் உருண்டை. உள்ளே கசப்பி நனையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கட்டி இருந்த இடம் வந்தது. ஆனால் புருஷன்மாரின் இறுக்கத்தில் கசப்பியால் வெளியே வர முடியவில்லை.

"கொஞ்சம் விடுய்யா."

"விட்டா தண்ணி உள்ள வரும். செத்துருவேன், ஈரம்மா."

யானையின் நெஞ்சு விட்டுவிட்டு அடித்தது. காயாம்பு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நிக்கப் போகுதா?"

"ஆமா."

அவன் பிடியை விட்டான். தண்ணீர் உள்ளே புகுந்தது. கசப்பி வெளியே ஓடினாள். ஈரம்மாவின் கண்ணெதிரே காயாம்பு துண்டு துண்டாக அறுந்தான். ஆனால் ஒரு துண்டும் அலறவில்லை. தயிரில் இருக்கும் அதே புளிப்பாக மாறி, ஒவ்வொன்றும் தண்ணீரோடு ஆசையாய்க் கலந்தது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு, புள்ள" என்றது கடைசித் துண்டு.

இத்தனை நாள் அவனுக்குள்ளேயே தண்ணீர் ஆசை இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. கட்டி கரைந்து யானை எழுந்து நின்றபோது ஈரம்மா தனியாக இருந்தாள்.

அன்று முதல்தான் அந்தச் சங்கிலிகள் தண்ணீரில் விழுந்ததும் தாமாகவே உருண்டையாகின்றன. மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், பயந்தவன்தான் முதலில் கரைகிறான்.