வெட்டிப் போட்ட துண்டுகள்

நாகர்கோவிலில் பிலோமினா என்றொரு டீச்சர் இருந்தார். வெளியூர்ப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைகளை இணையம் வழியாகக் கற்றுக்கொடுப்பவர். வங்கியில் ஓய்வுபெற்ற வேலாயுதப் பெருமாள் அவரிடம் சீடராகச் சேர்ந்தார். சீடருக்குக் குருவைவிட இருபது வயது அதிகம். பாடத்துக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங், அதாவது திரையில் செய்வதை அப்படியே வீடியோவாக, எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை.

தையல் ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று முதல் பாடம் எடுக்கச் சொன்னார் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வேலாயுதப் பெருமாள் கதவைச் சாத்தினார். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினார். பிறகு உட்கார்ந்து, தடுமாறிய இடங்களை எல்லாம் வெட்டினார். ஒரு கனைப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. முடிந்த வீடியோவில் மவுஸ் அம்பு எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

டீச்சர் முழுவதும் பார்த்தார்.

"நல்லாருக்கு. இதைப் பாத்துட்டு யாராவது கூப்பிட்டா நீங்களே பேசுங்க சார்."

பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து, சீடர் தன் போனுக்கு முழு சார்ஜ் போட்டு வைத்தார்.

வீடியோ எல்லோருக்கும் போன மறுநாள் காலையிலிருந்தே அழைப்புகள் வந்தன. எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். போட்டோவை ஏற்றியதும் 'அளவு அதிகம்' என்று சிவப்பில் ஒரு வரி வருகிறதாம். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள் என்றார். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். சிவப்பு வரி அப்படியே இருந்தது.

சாத்தான்குளத்திலிருந்து செல்லக்கனி என்பவர் பேசினார். தேர்வுக்கான வயது வரம்பு அவருக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது.

"சார், உங்களுக்கு ஒரு தடவகூட அந்தச் செவப்பு வரி வரலயே. எனக்கு மட்டும் ஏன் சார் வருது? நான் என்ன பாவம் பண்ணேன்?"

வேலாயுதப் பெருமாளுக்கும் அது வந்திருந்தது. விடாமல் வந்திருந்தது. போனை வைத்துவிட்டு நேரே டீச்சரிடம் போனார்.

"வெட்டின துண்டெல்லாம் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

"இருக்கு. ஆனா பாக்கற மாதிரி இல்ல."

"போடுங்க."

போட்டார். திரையில் சிவப்பு வரி வந்தது. 'அட சனியனே' என்றது அவர் குரல். வேறு போட்டோவை ஏற்றிப் பார்த்தார். மறுபடி சிவப்பு வரி. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி, தேங்காய் எண்ணெய் வாங்கினீர்களா இல்லையா என்று கேட்டார். திரையின் மூலையில் மைத்துனரின் வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தது: 'அத்தான், அந்த மஞ்சச் சட்டைய இனிமே வெளியில போடாதீங்க.' கடைசியில் அவர் போட்டோவைச் சின்னதாகத் திறந்து வைத்து, அதையே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரங்களை வெட்டி ஏற்றினார். சிவப்பு வரி மறைந்தது. 'முருகா' என்று ஒரு பெருமூச்சு கேட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை.

"இதை ஏன் வெட்டினீங்க?"

"குறுக்கு வழி டீச்சர். வாத்தியார் இப்படிச் செய்யலாமா? அதோட அந்தச் சட்டை விஷயம் வேற."

டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார்.

வேலாயுதப் பெருமாள் திரையைப் பார்த்தார். மஞ்சள் சட்டையை நினைத்தார். செல்லக்கனியையும் நினைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துண்டை அப்படியே எல்லோருக்கும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லோரும் விண்ணப்பித்து முடித்தார்கள். எண்ணெய் வாங்கியாயிற்றா என்று சிலர் விசாரித்தார்கள். மஞ்சள் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். செல்லக்கனியும் கூப்பிட்டார்.

"நீங்க சனியனேன்னு சொன்ன எடத்துல நானும் அதையே சொன்னேன் சார். அப்புறம் பயம் போயிட்டு. நீங்க பண்ண மாதிரியே பண்ணேன், ஏறிட்டு."

வேலாயுதப் பெருமாளுக்கு ஞானம் வந்துவிட்டது. அடுத்த பாடத்தை ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தார். அதில் தவறான பொத்தானை அழுத்தினார். நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. 'அட சனியனே' மூன்று விதமான ஏற்ற இறக்கங்களில் வந்தது. மனைவியைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, சொன்ன நேரத்தில் எண்ணெய் பற்றிக் கேட்கச் செய்திருந்தார். அந்த அம்மாள் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்திருந்தார்.

டீச்சர் முழுவதும் பார்த்தார்.

"எப்படி டீச்சர்?"

"இதை எடுக்கும்போது நிஜமாவே எங்கயாவது மாட்டினீங்களா?"

அவர் யோசித்தார். "ஆமா. ஒரு எடத்துல. பாஸ்வேர்டு மறந்துபோய் அரை மணி நேரம் திண்டாடிட்டேன்."

"அது எங்க?"

வேலாயுதப் பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெட்டிட்டேன்."

டீச்சர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சிட்டு, அதை அனுப்புங்க."