மூன்றாம் முறை வார்த்த மணி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். இது சிரிப்பை மறந்துபோன ஒரு பட்டறையின் கதை, அது மறுபடியும் சிரித்த கதை.

ஆறுகளுக்கு இன்னும் கரை கட்டாத காலம் அது. பெரிய ஆறு ஒன்றின் ஓரத்தில் நீர்மங்கலம் என்ற நகரம் இருந்தது. வேலாதன் என்ற மன்னன் அதை ஆண்டான். நல்லவன்தான். வாரி வழங்குவான், வாக்கு மாறமாட்டான். ஆனால் கோபம் மட்டும் அவனுக்குச் சட்டென்று வரும்.

ஓர் ஐப்பசியில் ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தது. காவலர்கள் முரசை அடித்தார்கள். மழையில் ஊறிய தோல் பொத்துப் பொத்தென்றதே தவிர முழங்கவில்லை. ஜனங்கள் விழிக்கும் முன்னே வெள்ளம் வாசலைத் தாண்டிவிட்டது. அன்று நீர்மங்கலத்தில் அழாத வீடு இல்லை.

மன்னன் தன் வார்ப்புப் பட்டறையின் தலைவன் சேந்தனை அழைத்தான்.

"மழையில் நனைந்தாலும் முழங்குகிற மணி வேண்டும். அக்கரை ஊர்களுக்கும் கேட்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் வேண்டும்" என்றான்.

"அப்படியே, அரசே" என்றான் சேந்தன்.

அந்த நாட்டில் வெண்கலம் வார்ப்பதில் சேந்தனுக்கு நிகர் இல்லை. அவன் பட்டறையில் மூன்று உலைகள் இருந்தன. ஒவ்வோர் உலையிலிருந்தும் ஒரு வாய்க்கால் புறப்பட்டு நடுக்குழிக்கு வரும். குழிக்குள் மண்ணால் செய்த அச்சு இருக்கும். மூன்று உலைகளின் வாயையும் ஒரே நேரத்தில் திறந்தால், உருகிய வெண்கலம் ஒன்றாக ஓடி வந்து அச்சை நிரப்பும். ஓர் உலை பிந்தினாலும் மணி ஒட்டாது. அது ஒருவனால் ஆகிற வேலை அல்ல. பட்டறை முழுவதும் ஒரே மூச்சாக இருந்தால்தான் ஆகும்.

அந்தப் பட்டறையிலோ மூச்சு விடவே பயந்தார்கள்.

சேந்தனுக்குத் தவறு என்றால் ஆகாது. தவறு செய்தவனை எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பேர் சொல்லித் திட்டுவான். பிறகு, உடைந்த வார்ப்பிலிருந்து எடுத்த ஒரு கனத்த சில்லைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் மாட்டுவான். பொழுது சாயும்வரை அதோடுதான் அவன் வேலை செய்ய வேண்டும். சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது.

சில்லுக்குப் பயந்தால் தவறு குறையும் என்று சேந்தன் நினைத்தான். குறைந்தது தவறு அல்ல, பேச்சுதான். பட்டறை ஆட்கள் தவறை ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

முதல் மணியை வார்த்தார்கள். மூன்றாம் உலையைக் கவனித்தவன் வேங்கன். கண் பார்வையிலேயே சூட்டை அளக்கிறவன். அன்று தன் உலையில் வெண்கலம் சரியாக உருகவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. சொன்னால் சில்லு. சொல்லாவிட்டால், ஒருவேளை தப்பிக்கலாம். அவன் சொல்லவில்லை. மணி ஆறியதும் நடுவே விரிசல் ஓடியது. விஷயம் தெரிந்ததும் சேந்தன் வேங்கனைப் பட்டறையை விட்டே துரத்தினான்.

இரண்டாம் மணியை வார்த்தார்கள். அதுவும் விரிந்தது. இந்த முறை யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. துருத்தி ஊதுகிறவர்கள் உலைக்காரர்களைக் காட்டினார்கள். உலைக்காரர்கள் அச்சு செய்கிறவர்களைக் காட்டினார்கள். அச்சு செய்கிறவர்கள் துருத்திக்காரர்களைக் காட்டினார்கள். சேந்தன் எல்லோரையும் திட்டினான். மறுநாள் நான்கைந்து பேர் வேலைக்கு வரவில்லை. ஊரை விட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் மணிக்கு அரசாங்கப் பண்டசாலையிலிருந்து செம்பு வந்தது. சேந்தன் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தான். உள்ளே கசடு. இன்னொன்றை உடைத்தான். அதிலும் கசடு. எத்தனை முறை உருக்கி எடுத்தாலும் இது சுலபத்தில் வழிக்கு வராது என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்போது அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது.

"இரண்டு மணி போய்விட்டது, சேந்தா. மூன்றாவதும் விரிந்தால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது" என்றான் மன்னன். "இந்த முறை எல்லாம் சரியாக இருக்கிறதா?"

சேந்தனுக்குச் செம்பு நினைவுக்கு வந்தது. பண்டசாலையைக் குறை சொன்னால் மன்னனையே குறை சொன்ன மாதிரி. மன்னன் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது.

"எல்லாம் சரியாக இருக்கிறது, அரசே" என்றான்.

சொல்லிவிட்டு வெளியே வந்தான். கோட்டை வாசலைத் தாண்டும்போது அவன் கால் நின்றுவிட்டது. 'நான் ஏன் பொய் சொன்னேன்?' என்று தன்னையே கேட்டான். பதில் உடனே வந்தது. பயம். 'என் பட்டறையில் இத்தனை பேர் என்னிடம் எத்தனை முறை இப்படிச் சொல்லியிருப்பார்கள்?' பக்கத்திலிருந்த வண்டியில் சாய்ந்து வெகுநேரம் நின்றான்.

பட்டறைக்கு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டான். இன்றைக்கு யார் கழுத்தில் சில்லு என்று நினைத்தபடி வந்து நின்றார்கள்.

"இன்று நான் மன்னரிடம் பொய் சொன்னேன்" என்றான் சேந்தன். "செம்பு கெட்டது. நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். பயந்துவிட்டேன். நீங்களும் என்னிடம் இப்படித்தான் பயந்து நிற்கிறீர்கள் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் மணி ஏன் உடைந்தது? தெரிந்தவர் சொல்லுங்கள். ஒன்றும் செய்ய மாட்டேன்."

அவன் வாக்கை யார் நம்புவார்கள்?

கடைசியில் எயினி முன்னே வந்தாள். அச்சு செய்கிறவர்களுக்குத் தலைவி அவள்.

"அச்சு ஈரம் காயவில்லை ஐயா. அடியில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இன்னும் மூன்று நாள் காயட்டும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை."

பட்டறையே சேந்தனைப் பார்த்தது. பழக்கம் விடுமா? சேந்தனின் கை கயிற்றை நோக்கிப் போனது. ஆணியில் தொங்கிய சில்லை எடுத்தான். எயினி கண்ணை மூடிக்கொண்டாள்.

சேந்தன் விறுவிறுவென்று நடந்து போய், எரிகிற உலைக்குள் அந்தச் சில்லைப் போட்டான். கயிறு பொசுங்கி நாறியது.

"சொன்னதற்கு நன்றி எயினி. அச்சு காய்ந்துவிட்டது என்று நீ சொல்கிறவரை இங்கே யாரும் வெண்கலத்தைக் குழியில் இறக்கக் கூடாது. நானும்தான்" என்றான்.

துருத்தி ஊதுகிற பூதன் மெல்லச் சொன்னான். "ஐயா, அந்தச் சில்லை நான் நாலு முறை சுமந்திருக்கிறேன். உருகுவதை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சேந்தனும் சிரித்தான். அந்தக் கூரையின் கீழே சிரிப்பு கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

மறுநாள் சேந்தன் வேங்கனைத் தேடிப் போனான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்துகொண்டிருந்தான். சேந்தனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"உன்னைத் துரத்தியது என் தப்பு. திரும்பி வா" என்றான் சேந்தன்.

"வந்தால், மறுபடியும் ஒரு நாள் உலை கெட்டால் என்ன செய்வீர்கள்?"

"உன்னோடு சேர்ந்து ஊதுவேன்."

வேங்கன் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு எழுந்தான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய கோபம் நடுநடுவே எட்டிப் பார்த்தது. ஒரு நாள் அச்சுக்கு வைத்திருந்த மெழுகைக் கொட்டிவிட்டவனைப் பார்த்துச் சேந்தன் கத்திவிட்டான். பட்டறை உடனே அடங்கிப்போனது. அவனுக்கே அது உறைத்தது. சற்று நேரத்தில் போய், "கத்தினது தப்பு" என்று சொல்லிவிட்டு அவனோடு குனிந்து மெழுகை வழித்தான்.

அதற்குப் பிறகு காலையில் வேலை தொடங்கும் முன் மூன்று கேள்வி கேட்பது அவனுக்கு வழக்கமாயிற்று. "நேற்று எது சரியில்லை? இன்று யாருக்குக் கை வேண்டும்? நான் செய்ததில் எது தப்பு?" மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னவன் பூதன். "மத்தியானம் நீங்கள் தனியாகச் சாப்பிடுகிறீர்கள் ஐயா. எங்களுக்குக் கூழ் இறங்க மாட்டேன் என்கிறது." அன்றிலிருந்து சேந்தன் அவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். கெட்ட செம்பைத் திரும்பத் திரும்ப உருக்கி, முடிந்தவரை கசடு நீக்கினார்கள். துருத்தி ஊதுகிறவர்கள் பாட ஆரம்பித்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் செய்தி கேட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

புரட்டாசியில் மூன்றாம் மணியை வார்க்க நாள் குறித்தார்கள். மன்னன் வந்தான். கணியர் நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். ஊரே திரண்டு நின்றது.

"அச்சு காய்ந்தது" என்றாள் எயினி.

முதல் உலை தயார் என்றது. இரண்டாம் உலை தயார் என்றது. கணியர் கையைத் தூக்கினார். சேந்தன் கட்டளையிட வாய் திறந்தான்.

"நிறுத்துங்கள்!"

வேங்கனின் குரல் அது. "மூன்றாம் உலை இன்னும் உருகவில்லை ஐயா. கசடு மேலே திரண்டு கிடக்கிறது. நிறம் வரவில்லை."

"நேரம் தப்புகிறது!" என்று பதறினார் கணியர்.

மன்னன் முகம் சிவந்தது. "மறுபடியும் அதே உலையா? சேந்தா, நேரத்தோடு ஊற்று!"

ஒரு பக்கம் மன்னன், ஒரு பக்கம் வேங்கன். சேந்தன் இரண்டு பேரையும் பார்த்தான்.

"திறக்க வேண்டாம்" என்றான். "நிறம் வரும்வரை காத்திருக்கிறோம்."

சொல்லிவிட்டு அவனே ஓடிப் போய் மூன்றாம் உலையின் துருத்தியைப் பிடித்தான். யாரும் ஏவாமலே முதல் உலையிலிருந்து பாதிப் பேர் அங்கே ஓடி வந்தார்கள். இரண்டாம் உலையிலிருந்தும் வந்தார்கள். எயினியும் அச்சுக்காரப் பெண்களும் கரி சுமந்தார்கள். பூதன் பாட்டை எடுத்தான். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

"இது யாருடைய தவறு?" என்று கேட்டான் மன்னன்.

சேந்தன் ஊதுவதை நிறுத்திவிட்டு மன்னன் முன் வந்து நின்றான். முகமெல்லாம் கரி.

"வேங்கனுடையது அல்ல, அரசே. அவன் மணியைக் காப்பாற்றினான். பண்டசாலையிலிருந்து வந்த செம்பு கசடு. வந்த அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டபோது எல்லாம் சரி என்றேன். உங்கள் கோபத்துக்குப் பயந்து அப்படிச் சொன்னேன். தவறு என்னுடையது."

பண்டசாலை அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். மன்னனின் குரல் தாழ்ந்து வந்தது.

"போன ஐப்பசியில் ஆற்றங்கரைக் காவலன் ஒருவன் தண்ணீர் ஏறுவதை முன்பே பார்த்திருக்கிறான். தவறாகச் சொல்லி என்னை எழுப்பினால் தண்டிப்பேன் என்று காத்திருந்தான். முரசு நனைந்தது அதற்குப் பிறகுதான். அவனைச் சிறையில் போட்டேன். அவன் வாயை அடைத்தது யார் என்று அன்று நான் யோசிக்கவில்லை."

பக்கத்தில் நின்ற சேனைத் தலைவனைப் பார்த்து, "இப்போதே போய் அவனை விடுதலை செய். நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்" என்றான். பிறகு சேந்தனைப் பார்த்தான். "உன் உலை எப்போது தயாராகிறதோ அப்போது ஊற்று. நான் காத்திருக்கிறேன்."

வெயில் சாய்ந்தது. வேங்கன் உலைக்குள் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். "வந்துவிட்டது!" என்று கூவினான். மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன. வெண்கலம் மூன்று வாய்க்காலிலும் ஓடி வந்து குழிக்குள் ஒன்றாய் இறங்கியது.

அச்சு ஆறியபின் மண்ணை உடைத்தார்கள். எயினி மணியைச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் விரிசல் இல்லை.

அந்த ஐப்பசியிலும் ஆறு பெருகியது. விடுதலையான அந்தக் காவலன்தான் மணியை அடித்தான். தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே, யாரையும் கேட்காமல் அடித்தான். கொட்டுகிற மழையிலும் அக்கரை ஊர்கள் வரை அது கேட்டது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். வீடுகள் சில இடிந்தன. வைக்கோற்போர் எல்லாம் ஆற்றோடு போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கேட்டவர்களே, தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் வேலை செய்கிறவர்களின் மனமும் மகிழும், அவர்கள் செய்கிற வேலையும் நிலைக்கும்.