உறைமோர்ச் சட்டி

நீலாயதாட்சி அம்மையின் மடத்தில் தயிருக்கு உறை ஊற்றும் வேலை வைரவனுடையது. வைரவன் அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை உதறிவிட்டு அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்துவிட்டார்.

மடத்தை நிறுவிய முதல் சாமி உறைய வைத்த தயிரிலிருந்து ஒரு கரண்டி மறுநாள் பாலுக்கு, அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கு மறுநாள் பாலுக்கு என்று ஒருநாளும் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது அந்தத் தயிர். சாப்பிட வருகிறவர்களிடம், "முதல் சாமி கைத் தயிர்" என்று சொல்லிவிட்டுத்தான் வைரவன் பரிமாறுவார்.

அன்று காலை அவருடைய தங்கை கணவர் சுப்பையா வந்தார். ஊரில் வைரவனின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், பேச்சு நின்றுவிட்டது, காது மட்டும் கேட்கிறது, கண் வாசலைவிட்டு நகரவில்லை என்றார். மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினால்தான் உயிரோடு பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வைரவன் மறுத்துவிட்டார். மண்வெட்டிக் காம்பால் அடித்து, வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்ட மனிதர் இப்போது வாசலைப் பார்த்தால் எனக்கென்ன என்று கேட்டார்.

சுப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பாவுக்குத் தப்பாமத்தான் பொறந்திருக்கீங்க மச்சான். அவரும் இப்படித்தான், கதவைச் சாத்தினா தொறக்கவே மாட்டாரு."

கோபம் வரும்போது தன் தொண்டையிலிருந்து எழுவது யாருடைய குரல் என்று வைரவனுக்குத் தெரியும். அதனாலேயே அந்தப் பேச்சு சுட்டது. நேராக அம்மையிடம் போய், சுப்பையா கொண்டுவந்த செய்தியைச் சொன்னார்.

"அம்மா, அந்த மனிதருடையது என்னிடம் எதுவுமே இல்லை. உடம்பு என்பது புரதம், கொழுப்பு, மாவுச்சத்து. தின்னத் தின்னப் புதிதாகிறது, பழையது கழிந்துபோகிறது. அவர் அடித்த உடம்பே இப்போது கிடையாது. இங்கே நிற்பது இந்த மடத்துச் சோறு."

"எங்களுக்குச் சொல்லித்தரும்போது உடம்பில் நாலு என்பீர்கள். இன்றைக்கு மூன்றுதான் வருகிறது" என்றார் அம்மை.

வைரவன் சொல்லாமல் விட்ட நாலாவது நியூக்ளிக் அமிலம். பெற்றவர்களின் சாயலைப் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான்.

"அதுவும் நகலுக்கு நகல் எடுத்ததுதான், அம்மா. அவர் தந்த துணுக்கு எப்போதோ கரைந்துபோயிருக்கும்."

அம்மை அடுக்களைக்குள் போனார். அன்றைய பாலுக்கென்று எடுத்துவைத்திருந்த உறைமோர்ச் சட்டியைத் தூக்கிவந்து முற்றத்துச் சாக்கடையின்மேல் சரித்தார்.

வைரவன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குருவைத் தொடக்கூடாது என்பது மடத்து வழக்கம். பிடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"நம் செவலைப்பசு நேற்றுக் கொடுத்த பால்தானே" என்றார் அம்மை.

"முதல் சாமியின் தயிர், அம்மா."

"அவர் ஊற்றிய பால் இதில் ஒரு சொட்டாவது இருக்கிறதா?"

வைரவன் சட்டியைப் பறிக்காத குறையாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். விரலில் வழிந்ததை வாயில் வைத்தார். என்றைக்கும் உள்ள அதே புளிப்பு.

சட்டியை அடுக்களையில் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தார். வாசலில் சுப்பையா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வைரவன் அம்மையின் முன்னால் நிமிர்ந்து நின்றார். முகத்தில் பணிவு இல்லை.

"போகிறேன். ஆனால் மன்னிக்க மாட்டேன். காலில் விழ மாட்டேன்."

"மன்னிக்கச் சொன்னது யார்?" என்றார் அம்மை. "காது கேட்கிறதாமே. அவர் ஊற்றிய உறை இன்னும் புளிக்கிறது என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள்."