சாப்பிடாத விருந்தாளி

அந்தக் காலத்தில், மரங்களுக்கு வாயும் பறவைகளுக்கு வாய்க்கொழுப்பும் இருந்த நாளில், சாரல் அடிக்கும் மேற்கு மலையில் வருக்கை என்று ஒரு பலாமரம் இருந்தாள். நல்லவள்தான். பொறுமை மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து ஒண்டினாலும் முதலில் சாப்பாடு போட வேண்டும். வந்தவர் சாப்பிட்டு வாயைத் துடைத்த பிறகுதான் பேரும் ஊரும் கேட்கலாம். அதற்கு முன்னால் கேட்டால், ஆள் பார்த்துச் சோறு போடுகிறாள் என்று காடே காறித் துப்பும். வருக்கை இதில் ரொம்பக் கறார்.

ஒரு ஆடி மாதக் காற்றில் தூசி மாதிரி என்னமோ வந்து அவள் கிளைக் கவட்டில் உட்கார்ந்தது. இன்றைக்கு நாம் ஆர்க்கிட் என்கிறோமே, அதேதான். அன்றைக்கு அதை யாருக்கும் தெரியாது.

“வாம்மா, வா. பால் சுரந்து வச்சிருக்கேன், குடி” என்றாள் வருக்கை.

“இருக்கட்டும்க்கா. பொறவு குடிக்கேன்.”

அந்தப் பொறவு மூன்று வருஷமாக வரவில்லை. காலையில் கேட்டால் “இப்பதான்க்கா பனி குடிச்சேன்” என்னும். மழைக்காலத்தில் கேட்டால் “வயிறு நெறஞ்சு கெடக்குக்கா” என்னும். அது சாப்பிடுகிற வழியைக் காணோம். அதனால் இவள் பேர் கேட்கிற வழியும் இல்லை. தன் கிளையில் யார் குடியிருக்கிறார்கள் என்று தனக்கே தெரியாமல் ஒரு மரம் எத்தனை நாள்தான் நிற்பாள்? வருக்கைக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

அவளுடைய எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. பக்கத்தில் நின்ற அவளுடைய அக்காவும் இப்படித்தான் பேர் தெரியாத ஒருத்தியை ஏற்றி உட்கார வைத்தாள். வந்தவள் புல்லுருவி. பாலைக் குடித்தாள், பேரைச் சொன்னாள், அதற்குள் அவள் வேர் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அக்கா நுனியிலிருந்து காய்ந்து, நாலாவது கோடையில் நின்றபடியே செத்துப்போனாள்.

கேட்க முடியாவிட்டால் என்ன, பார்க்கலாமே என்று வருக்கை கண் கொட்டாமல் பார்த்தாள். மழை தொடங்கியதும் அது அடியில் பச்சையாக ஒரு குமிழ் போட்டது. அதன் தலையில் இரண்டு இலை. அடுத்த மழைக்கு அந்தக் குமிழ் வளரவில்லை. பக்கத்தில் விரலளவு தள்ளி இன்னொன்று வந்தது. கோடையில் பழைய குமிழ் சுருங்கியது, மழையில் மறுபடி உப்பியது. வெள்ளை வெள்ளையாக வேர்கள் பட்டைமேல் ஊர்ந்தன. பார்த்ததெல்லாம் சரி, ஒன்றும் விளங்கவில்லை.

மரங்கொத்தியைக் கூப்பிட்டாள். காட்டில் தெரியாதது எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற பேர்வழி அவர்.

“அண்ணாச்சி, இது யாருன்னு பாத்துச் சொல்லுங்க.”

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். “வெங்காயம்.”

“வெங்காயம் மரத்துல ஏறுமா அண்ணாச்சி?”

“அப்ப ஏதோ கொடி.”

“கொடின்னா வெளிச்சத்தைப் பாத்து மேல போகும்லா? இது மூணு வருஷமா பக்கவாட்டுல மூணு விரக்கடை நகந்திருக்கு!”

“இல தடிச்சு இருக்கு. மரத்து மேல இருக்கு. அப்ப புல்லுருவிதான், வேற என்ன?” என்றார் அவர், சலித்துக்கொண்டு.

அது கோடைக்காலம். அன்று காலைதான் வருக்கையின் நுனிக் கிளையில் நாலு இலை பழுத்து விழுந்திருந்தது. அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

“வெட்டுங்க அண்ணாச்சி! வேரோட வெட்டுங்க!”

மரங்கொத்தி இருப்பதிலேயே தடித்த வேரைப் பார்த்து ஒரு கொத்து கொத்தினார். வேர் இரண்டாகப் போயிற்று.

வருக்கை வெட்டுவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பாலைத் திருடிக் குடித்த வேர் என்றால், வெட்டின இடத்தில் வெள்ளையாக வடிய வேண்டும். பிசுபிசுவென்று கோந்து மாதிரி வர வேண்டும். வந்ததோ ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். முந்தின நாள் பெய்த கோடை மழைத் தண்ணீர். துண்டான வேருக்கு அடியில் பட்டை முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

“நீ என் பாலைத் தொடவே இல்லியா?”

“இல்லக்கா.”

“ஏன்? மூணு வருஷமா தொண்டை கிழியக் கூப்பிடுதேன், ஒரு வாய் குடிச்சா என்ன கொறஞ்சா போயிரும்?”

“குடிச்சா பேர் கேப்பீங்க” என்றது அது. “எங்கம்மா என்னைத் தூசியா ஊதி விட்டுட்டா. விதையில ஒரு பிடி சோறு வைக்கல. பேரும் வைக்கல. என்ன கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. பேர் இல்லாதவளைத் தொரத்திருவீங்கன்னுதான் குடிக்கல.”

வருக்கைக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கத்தையும் அவளுக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

“இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா! அண்ணாச்சி, நீங்க எடத்தைக் காலி பண்ணுங்க. இனிமே இவ சாதிக்காரங்க யாரு எந்த மரத்துல வந்து உக்காந்தாலும், எவனும் இலையைப் பாத்து வாய்க்கு வந்த பேரைச் சொல்லக் கூடாது. மேல போறாளா, பக்கத்துல நகர்றாளா, வேரு எங்க போகுது, எதைக் குடிக்கா, அதைப் பாத்து யாருன்னு தெரிஞ்சுக்கிடட்டும். ஒரு வருஷம் ஆனாலும் காத்துக் கெடக்கட்டும்!”

பிறகு குரலைத் தணித்து, “நீ இங்கயே இரும்மா. எவ்வளவு காலம் வேணும்னாலும் இரு” என்றாள்.

“சரிக்கா” என்றது அது. மறு மழைக்குப் புது வேர்கள் விட்டது. சில வேர்கள் பழையபடி பட்டையைப் பிடித்துக்கொண்டன. மற்றதெல்லாம் கிளையை விட்டு வெளியே தொங்கின.

“அதையும் இங்க எடுத்து வையேன்! காத்துல எதுக்குத் தொங்கவிட்டிருக்கே?”

“இருக்கட்டும்க்கா. இன்னொரு நாள் போகச் சொன்னீங்கன்னா, கெளம்புறதுக்கு லேசா இருக்கும்.”

வருக்கை என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், சத்தியம் செய்தாள். அன்று முதல்தான் ஆர்க்கிட் எந்த மரத்தில் குடியிருந்தாலும் பாதி வேரால் அதைப் பிடித்துக்கொண்டு, மீதி வேரைக் காற்றிலேயே வைத்திருக்கிறது.